பேசினால் தீருமா, கவனித்தால் தீருமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்): “எனக்கு வயது 43. கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். பதினைந்து ஆண்டுகளில் மனச்சோர்வு வருவது இது மூன்றாவது முறை. இந்த முறை தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. மருத்துவர் கொடுத்த மாத்திரையை இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். தூக்கம் ஓரளவு திரும்பியிருந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, ஏன் நான் மட்டும் இப்படி என்று யோசித்தபடியே படுத்திருக்கிறேன். நெருங்கிய தோழியின் அழைப்பை மூன்று வாரங்களாக எடுக்கவில்லை. இனி எடுத்தால் இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பாளே என்று நினைத்து இன்னும் எடுக்க முடியவில்லை. பேச்சுவழிச் சிகிச்சையில் சேருங்கள் என்கிறார் மருத்துவர். தேடிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வருகின்றன. எல்லாவற்றையும் என் அக்காவிடம் தினமும் சொல்கிறேன். அதில் கிடைக்காதது முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசினால் எப்படிக் கிடைக்கும்? உடன் பணிபுரியும் ஒருவர் மைண்ட்ஃபுல்னெஸ் செயலி ஒன்றைப் பரிந்துரைத்தார். கண்ணை மூடி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அழுகை வந்துவிட்டது. மூன்று நாளில் விட்டுவிட்டேன். அதற்கும் நான் லாயக்கில்லையா? சில நேரம், இப்படி இருந்து என்ன ஆகப்போகிறது என்றுகூடத் தோன்றுகிறது. எந்தச் சிகிச்சை எனக்குச் சரியாக இருக்கும்?”

அன்புடையீர்,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன், போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் கடந்துபோன ஒரு வரியில் நான் நிற்க வேண்டியிருக்கிறது. ‘இப்படி இருந்து என்ன ஆகப்போகிறது’ என்பது வெறும் அலுப்பாக இருக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து அதை என்னால் பிரித்தறிய முடியாது. உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரால் முடியும். ஆகவே அடுத்த சந்திப்பு வரை காத்திராமல், இந்த வாரமே அவரிடம் அந்த வரியை அதே சொற்களில் சொல்லுங்கள். அந்த எண்ணம் எப்படி, எப்போது என்ற திட்டமாக உருவெடுத்தாலோ, தடுக்க முடியாத வேகத்தில் வந்தாலோ, அன்றைக்கே அக்காவிடம் சொல்லி அவரை உடன் வைத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால் எண்ணம் வலுப்பட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அப்படி ஆவதில்லை.

இனி உங்கள் கேள்விகள். அக்காவைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது நாம் அனைவரும் அனுபவத்தில் கண்டது. ஆனால் கொட்டிய பாரம் மறுநாளே அதே அளவில் மீண்டும் சேர்ந்துவிடுகிறது என்றால், கொட்டும் செயலே அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா 1991-இல் முன்வைத்த கருத்து ஒன்று இங்கே பொருந்தும்: சோர்வுற்றிருக்கும்போது அந்தச் சோர்வையும் அதன் காரணங்களையும் விளைவுகளையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குச் சோர்வு நீடிக்கிறது. தமிழில் இதற்கு ‘அசைபோடுதல்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் நாம் அதைப் பெரும்பாலும் இனிய பழைய நினைவுகளுக்கே பயன்படுத்துகிறோம். மனச்சோர்வில் நடப்பதும் அசைபோடுதல்தான், செரிக்காத ஒன்றை. உங்களுடைய விடியற்காலை மூன்று மணி அதற்குத்தான் போய்விடுகிறது. இதையே இருவர் சேர்ந்து செய்வதும் உண்டு. இளம்பருவத்தினரின் நட்புகளை ஆராய்ந்த அமாண்டா ரோஸ் 2002-இல் காட்டியது இது: ஒரே பிரச்சினையை மீண்டும் மீண்டும் பேசிக்கொள்ளும் நண்பர்களுக்கிடையே நெருக்கம் கூடுதலாக இருக்கிறது, மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுதலாக இருக்கின்றன. அக்காவிடம் பேசுவதை நிறுத்துங்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவருடைய அன்பு உங்களுக்குத் தேவை. ஆனால் தங்கையின் கண்ணீரைப் பார்த்தவுடன் துடைக்க விரும்புபவர் அவர், ‘நேற்றும் இதையேதான் சொன்னீர்கள், சொல்லிவிட்டு என்ன செய்தீர்கள்?’ என்று அவரால் கேட்க முடியாது. சிகிச்சையாளரால் கேட்க முடியும். கேட்பதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

‘பேச்சுச் சிகிச்சை’ என்ற பெயரே ஒரு குழப்பம். திக்குவாய்க்கும் பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சிழப்புக்கும் அளிக்கப்படும் பயிற்சியையும் அதே பெயரால் அழைப்பதால், நான் ‘பேச்சுவழி’ என்று எழுதுகிறேன். இந்தச் சிகிச்சைக்கு முதலில் பெயர் சூட்டியது மருத்துவரல்லர், நோயாளி. 1880-களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசெப் பிராயர் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண், தாய்மொழியான ஜெர்மன் நாவில் வராமல் போயிருந்த காலத்தில், ஆங்கிலத்தில் அதைப் ‘பேச்சு வைத்தியம்’ என்றும், வேடிக்கையாகப் ‘புகைபோக்கி சுத்தம் செய்தல்’ என்றும் அழைத்தார். பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூலில் அவர் அன்னா ஓ. என்ற புனைபெயரில் வருகிறார். நூலைப் படித்தால் அவர் பேசிப் பேசியே குணமடைந்ததாகத் தோன்றும். உண்மையில் அந்தச் சிகிச்சை முடிந்த 1882-ஆம் ஆண்டிலேயே அவரை மனநலக் காப்பகம் ஒன்றில் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் பெண்கள் நலனுக்காக உழைத்த புகழ்பெற்ற சமூக சேவகியாகத் தம் வாழ்க்கையை மீட்டுக்கொண்டார். புகைபோக்கியைச் சுத்தம் செய்தால் மட்டும் போதும் என்ற நம்பிக்கை அந்த முதல் கதையிலேயே பொய்த்துவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு சிகிச்சை முறையும், பேச்சோடு வேறு எது சேர்ந்தால் மாற்றம் நிகழும் என்ற கேள்விக்குத் தன் பங்குக்கு ஒரு விடை சொல்கிறது. அந்த விடைகள்தான் உங்களை மிரட்டும் பத்துப் பன்னிரண்டு பெயர்கள்.

பெயர்களை வரிசையாக விளக்கினால் மேலும் குழம்புவீர்கள். நீங்கள் எடுக்காமல் விட்டிருக்கும் அந்த அழைப்பையே எடுத்துக்கொள்வோம். அதை வெவ்வேறு சிகிச்சையாளர்களிடம் கொண்டுபோனால் ஒவ்வொருவரும் என்ன செய்வார்?

ஃபிராய்டின் வழியில் வந்த உள்ளியக்கச் சிகிச்சையாளர், ‘தாமதித்தவர்களுக்கு மன்னிப்பு கிடையாது என்று முதன்முதலில் உங்களுக்கு உணர்த்தியவர் யார்?’ என்ற திசையில் மெல்ல நகர்வார். தோழியிடம் நீங்கள் அஞ்சுவது வேறு யாரிடமோ பழகிய அச்சமாக இருக்கலாம். அதே அச்சம் சிகிச்சையாளரிடமும் தலைகாட்டும், ஒரு வாரம் வராமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றும் கணத்தைப் பிடித்துப் பேசுவதே அந்த முறையின் உயிர்நாடி. இதற்கு மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் ஆகும்; வரையறுத்த எண்ணிக்கையில் முடித்துக்கொள்ளும் குறுகிய வடிவமும் உண்டு. துன்பம் ஒரே அச்சில் உறவுகள்தோறும் திரும்பி வருகிறது என்று உணர்பவர்களுக்கு இது ஏற்றது.

கார்ல் ரோஜர்ஸ் வகுத்த, ஆளை மையமாகக் கொண்ட சிகிச்சையில் அந்த அழைப்பைப் பற்றி யாரும் உங்களுக்கு யோசனை சொல்லமாட்டார்கள். சிகிச்சையாளர் உங்கள் கூச்சத்தோடு உடன் இருப்பார். உங்கள் கண்வழியே உலகைப் பார்க்கும் புரிதல், நிபந்தனையற்ற மதிப்பு, வேடமில்லாத நேர்மை ஆகியவையே மாற்றத்துக்குத் தேவையானவை, போதுமானவையும்கூட என்று ரோஜர்ஸ் 1957-இல் எழுதினார். இவை பெரிதும் உதவும் என்பதில் இன்று பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. போதுமானவை என்பதை நான் எல்லாருக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூன்றாம் முறை சோர்வில் இருக்கும் உங்களுக்கு நிச்சயமாக ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடுத்தது, நீங்கள் அடிக்கடி எதிர்ப்பட்டிருக்கக்கூடிய சி.பி.டி. என்னும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் ஃபிராய்டின் சிந்தனை மரபில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திரும்பிய கோபம் என்ற அந்த மரபின் கோட்பாட்டை மெய்ப்பிப்பதற்காக நோயாளிகளின் கனவுகளை ஆராயப் புகுந்தவருக்கு அவற்றில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியுமே தென்பட்டன. தன்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகளின் மனதில் ‘இவரைச் சலிப்படைய வைக்கிறேன்’, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்பது போன்ற எண்ணங்கள் கணப்பொழுதில் வந்து மறைவதையும் அவர் கவனித்தார். 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் அந்தத் தானியங்கி எண்ணங்களைப் பிடித்து, எழுதி, ஆதாரத்தோடு சரிபார்க்கும் முறையை அவர் உருவாக்கினார். உங்கள் அழைப்பை அத்தகைய சிகிச்சையாளரிடம் கொண்டுபோனால் அவர் ஒரு தாளை எடுப்பார். ‘எடுத்தால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்பார். ‘அவள் கோபிப்பாள், நட்பு முறியும்’ என்பீர்கள். எத்தனை விழுக்காடு நிச்சயம் என்பார். தொண்ணூறு என்பீர்கள். பிறகு அவர் உங்களோடு வாதாடமாட்டார்; சோதித்துப் பார்க்கச் சொல்வார். ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, வந்த பதிலை அந்தத் தாளில் உங்கள் கணிப்புக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்வார். நல்லதையே நினை என்று அறிவுரை கூறுவதுதான் சி.பி.டி. என்று எண்ணுகிறவர்கள், தணிக்கை அலுவலகத்தில் நீங்கள் செய்யும் வேலையை எண்ணிப் பார்க்கட்டும்: பதிவேட்டில் எழுதியிருப்பதை நம்பவும் மாட்டீர்கள், மறுக்கவும் மாட்டீர்கள், ரசீதைக் கேட்பீர்கள்.

பொதுவாக வாரம் ஒரு முறை, 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, 6 முதல் 20 அமர்வுகளுக்குள் இது முடியும். அமர்வுகளுக்கு இடையே வீட்டுப்பாடம் உண்டு. அதைச் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு. இதை முதல் நாளே சொல்லிவிடும் சிகிச்சையாளரை நம்பலாம்.

சி.பி.டி.யின் ஒரு பகுதி தனியாகவே நிற்கக்கூடியது என்பதை 1996-இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. மனச்சோர்வுற்றவர்களுள் ஒரு பிரிவினருக்கு முழுச் சிகிச்சையையும், மற்றொரு பிரிவினருக்கு எண்ணங்களைத் தொடாமல் அன்றாடச் செயல்களை மீட்டுத்தரும் பகுதியை மட்டும் அளித்தபோது, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். இதுவே செயலூக்கச் சிகிச்சை. இதன் தர்க்கம் எளிது. சோர்வு வந்ததும் விலகுகிறோம்; விலகியதும் வாழ்க்கையிலிருந்து கிடைத்துவந்த சிறு நிறைவுகள் நின்றுபோகின்றன; அவை நின்றதும் சோர்வு கூடுகிறது. மனம் சரியானால் தோழியைக் கூப்பிடலாம் என்று காத்திருக்கிறீர்கள். இந்தச் சிகிச்சையாளர் வரிசையைத் திருப்பிப் போடுவார். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மனம் எப்படி இருந்தாலும், இரண்டு வரிச் செய்தி அனுப்புவது என்று நாட்குறிப்பில் எழுதவைப்பார். இதைச் சொல்ல ஒரு சிகிச்சை வேண்டுமா என்று என் பயிற்சிக் காலத்தில் இதை நான் ஏளனமாகவே பார்த்தேன். ஆழ்ந்த சோர்வில் எண்ணத்தை எழுதிச் சரிபார்க்கவும் தெம்பில்லாதவர்களை வரிசையாகப் பார்த்த பிறகுதான் அந்த ஏளனம் போனது.

1970-களில் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் உருவாக்கிய உறவுசார் சிகிச்சை, சோர்வு தொடங்கிய காலத்தில் உங்களைச் சுற்றியிருந்த மனிதர்களுக்கிடையே என்ன மாறியது என்று கேட்கும். இறப்பினால் வந்த துயரம், நெருங்கியவரோடு நீடிக்கும் பிணக்கு, வாழ்வில் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது, உறவுகளே அரிதாகிப்போன தனிமை ஆகிய நான்கில் ஒன்றை மையமாக எடுத்துக்கொண்டு 12 முதல் 16 வாரங்களில் முடிப்பார்கள். உங்கள் கடிதத்தில் சோர்வின் தொடக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் ஏதேனும் நடந்ததா? நடந்திருந்தால் இந்த முறையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். மனச்சோர்வுக்கு இதன் ஆதாரம் சி.பி.டி.க்குச் சற்றும் குறைந்ததன்று. கற்றுத் தேர்ந்தவர்கள்தான் குறைவு.

மற்ற பெயர்கள் உங்கள் தேவைக்கு வெளியே இருப்பதால் விரைந்து கடக்கிறேன். கைகழுவுதல், சரிபார்த்தல் போன்ற செயல்களை நிறுத்த முடியாத எண்ணச் சுழற்சி நோய்க்கு, அஞ்சுவதை எதிர்கொண்டபின் அந்தச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறை தனியாக உண்டு. விபத்து, வன்முறை ஆகியவற்றின் நினைவுகளால் அலைக்கழிக்கப்படுவோருக்கு, அந்த நினைவை மையமாகக் கொண்ட சி.பி.டி.யையும் கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. கட்டுக்கடங்காத உணர்ச்சிக் கொந்தளிப்பும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் உள்ளவர்களுக்காக மார்ஷா லினஹன் வடிவமைத்தது டி.பி.டி. என்னும் இயங்கியல்-நடத்தைச் சிகிச்சை.

இத்தனை முறைகளில் எது சிறந்தது என்ற சண்டை பழையது. பல்வேறு முறைகள் ஏறத்தாழ ஒரே அளவில் பலன் தருவதற்கு அவற்றுக்குள் பொதுவாக இருக்கும் ஏதோ காரணமாக இருக்கலாம் என்று சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே எழுதிவிட்டார். அந்தப் பொதுவான ஒன்றை எட்வர்ட் போர்டின் 1979-இல் மூன்றாகப் பிரித்தார்: எதை அடைய வேண்டும் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்காக என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மனச்சோர்வைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் உண்மை அதிகம். எண்ணச் சுழற்சி நோய்க்கு அன்பான உரையாடல் மட்டும் போதும் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அங்கே முறையும் முக்கியம்.

இப்போது மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மனக்கவனம். இணையத்தில் பல இடங்களில் இதை ‘நினைவாற்றல்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு ஞாபக சக்திக்கான பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம். எனினும் அந்தப் பிழைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. மூலச் சொல் பாலி மொழியின் ‘சதி’, வடமொழியின் ‘ஸ்மிருதி’யோடு உறவுடையது, நினைவில் கொள்ளுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். பௌத்தத்தின் எண்வகை நெறியில் வரும் அதைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்றார்கள். கடைப்பிடி என்பதற்குப் பழைய உரைகாரர்கள் ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். மனம் எங்கே போயிருக்கிறது என்பதை மறவாமல் இருப்பது என்று கொண்டால், நான் அறிந்த விளக்கங்களில் இதுவே எனக்கு மிகப் பிடித்தது. மனத்தை வெறுமையாக்குவதோ, அமைதியை வரவழைப்பதோ அதில் இல்லை.

மருத்துவமனைக்குள் இந்தப் பயிற்சி வந்தது 1979-இல். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஸின், நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்களுக்காக, பின்னாளில் எட்டு வாரங்களாக அமைந்த வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். வாரம் ஒரு முறை குழுவாகக் கூடுவார்கள். வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரம் பயிற்சி. இடையில் ஒரு முழு நாள். மூச்சைக் கவனித்தல், உடலைக் காலிலிருந்து தலைவரை பகுதி பகுதியாகக் கவனித்தல், மெல்லிய உடல் அசைவுகள் ஆகியவை அதன் உள்ளடக்கம். ஸிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவர் இதையும் சி.பி.டி.யையும் இணைத்து, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கென எம்.பி.சி.டி. என்ற எட்டு வாரச் சிகிச்சையை வகுத்தார்கள்.

சி.பி.டி.க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ‘லாயக்கில்லை’ என்ற சொல்லை வைத்தே காட்டலாம். சி.பி.டி. அதைக் கேள்வி கேட்கும்: உண்மையா, சான்று என்ன, வேறு விளக்கம் உண்டா? மனக்கவனப் பயிற்சி அந்த வழக்கை நடத்தாது. ‘லாயக்கில்லை என்ற எண்ணம் வந்திருக்கிறது, நெஞ்சு இறுகுகிறது’ என்று பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பும். எண்ணம் எண்ணமாகத் தெரியத் தொடங்கினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் தளர்கிறது. உங்கள் கைப்பேசி ஒலிக்கும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம், பிறகு ‘என்ன சொல்வேன்’ என்ற எண்ணம், பிறகு விரல் ஒலியை அணைப்பது: இந்த மூன்றும் ஒரு நொடிக்குள் நடந்துவிடுகின்றன. அந்த நொடியை அகலப்படுத்துவதே பயிற்சி. இதே வகையைச் சேர்ந்தது ஸ்டீவன் ஹேஸ் உருவாக்கிய ஏற்பு-உறுதிச் சிகிச்சை. கூச்சம் போன பிறகு தோழியிடம் பேசலாம் என்று காத்திராமல், அந்த நட்பு உங்களுக்கு முக்கியமானதா என்று கேட்டு, முக்கியமென்றால் கூச்சத்தையும் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும்.

நீங்கள் ஏன் அழுதீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். டீஸ்டேலும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட எம்.பி.சி.டி. ஆய்வில் 145 பேர் பங்கேற்றார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு கண்டவர்களுள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு 60 வாரங்களுக்குள் சோர்வு திரும்பியது. எட்டு வாரப் பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. மூன்றாம் முறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஆய்வில் பங்கேற்றவர்கள் அனைவரும் அப்போது தேறியிருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்த சோர்வு வராமல் காப்பதற்காக வடிவமைக்கப்பட்ட ஒன்றை, சோர்வின் நடுவில், குழுவும் ஆசிரியரும் இல்லாமல், செயலியின் குரலை மட்டும் துணையாகக் கொண்டு நீங்கள் செய்து பார்த்திருக்கிறீர்கள். பிற்பாடு வந்த ஆய்வுகளைக் கொண்டு, குழுவாகச் செய்யும் மனக்கவனப் பயிற்சியை மிதமான சோர்வுக்கும் ஒரு வாய்ப்பாகச் சில வழிகாட்டு நெறிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன; அங்கும் குழுவும் பயிற்றுநரும் உண்டு. கண்ணை மூடித் தனியே உட்காரும்போது, அசைபோடும் மனத்துக்கு வேறு வேலையே இல்லாமல் போகிறது. விடியற்காலை மூன்று மணியைப் பகலில் வரவழைத்துக்கொண்டீர்கள். அழுகை வந்ததில் வியப்பில்லை, அது உங்கள் தகுதியின் அளவுகோலும் அன்று. பழைய அதிர்ச்சிகள் உள்ளவர்களுக்கும், மெய்ம்மையோடு தொடர்பு அறுபடும் மனநோய் கண்டவர்களுக்கும் நீண்ட நேரத் தியானம் அறிகுறிகளைக் கூட்டிவிடக்கூடும் என்பதைச் செயலிகள் எப்போதும் சொல்வதில்லை.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்ல வேண்டும். 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 424 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் எம்.பி.சி.டி. கற்றுக்கொண்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மற்றவர்கள் மருந்தைத் தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் முதல் பிரிவில் 44 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 47 விழுக்காட்டினருக்கும் சோர்வு திரும்பியது. அதாவது ஒன்று மற்றதைவிட மேலானது என்று நிறுவப்படவில்லை. பயிற்சி இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவதற்கு இதில் அனுமதி இல்லை. அங்கே மருந்து குறைக்கப்பட்டது மருத்துவர் மேற்பார்வையில், தேறிய நிலையில்.

ஆகவே என் கருத்து இது. உங்களை நேரில் காணும் ஒருவர் இதைத் திருத்தலாம். உங்கள் சோர்வை இப்போது நீடிக்கவைப்பவை இரண்டு: அசைபோடுதலும் விலகுதலும். இரண்டையும் நேராகத் தொடுவது செயலூக்கத்தில் தொடங்கும் சி.பி.டி. தொடக்கக் காரணம் ஓர் இழப்போ பிணக்கோ என்றால் உறவுசார் சிகிச்சை அதற்கு ஈடானது. தேறி இரண்டு மூன்று மாதங்கள் நிலைத்தபின், பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தும் எம்.பி.சி.டி. குழுவில் சேருங்கள். அதுவரை செயலியைத் தள்ளி வையுங்கள். கவனப் பயிற்சி வேண்டுமென்றே தோன்றினால், கண் திறந்து, நடந்தபடி, பாதம் தரையில் படுவதை மூன்று நிமிடம் கவனித்தால் இப்போதைக்குப் போதும்.

யாரிடம் போவது என்பதில் ஒரு கவனம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் மதிப்பீட்டிலும் சிகிச்சையிலும் தேர்ந்தவர். ‘ஆலோசகர்’, ‘தெரபிஸ்ட்’ என்ற பெயர்களைப் பல இடங்களில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களும் வைத்துக்கொள்ள முடிகிறது. எனவே முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு பெற்றிருக்கிறீர்கள், மனச்சோர்வுக்கு எந்த முறையைப் பின்பற்றுவீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வுகள் ஆகும், நான் சொல்வது யாருக்கெல்லாம் தெரியவரும்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம்.

தொடங்கும் முன் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய அதன் மதிப்பெண் 0 முதல் 27 வரை போகும். அதன் ஒன்பதாவது கேள்வி, நான் முதலில் குறிப்பிட்ட அந்த வரியைப் பற்றியதுதான்; அதை மறைக்காமல் நிரப்புங்கள். சில அமர்வுகளுக்கு ஒரு முறை அதையே மீண்டும் நிரப்பிப் பாருங்கள். ஐந்து புள்ளிகள் குறைந்தால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம். ஆறாவது அமர்விலும் எண் அசையவில்லை என்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அழைப்பை எடுக்காமல் விட்டது போலவே சிகிச்சையாளரையும் விட்டுவிடத் தோன்றும். ‘இது எனக்கு உதவவில்லை என்று நினைக்கிறேன்’ என்று அவரிடமே சொல்லுங்கள். முறையை மாற்றலாமா, ஆளை மாற்றலாமா, மருந்தை மறுபரிசீலிக்க வேண்டுமா என்பதை அங்கிருந்து பேசலாம்.

அக்காவிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். தினமும் பேசும் நேரத்தில் முதல் பத்து நிமிடம் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு அவர் ‘சரி, நாளைக்கு என்ன செய்யப்போகிறாய்?’ என்று கேட்கட்டும். இந்த வாரம் அதற்கான பதிலாக அந்தத் தோழிக்கு அனுப்பும் செய்தி இருக்கலாம். ‘கொஞ்ச நாளாக உடம்பும் மனமும் சரியில்லை, அதனால்தான் எடுக்கவில்லை, உன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்பதற்கு மேல் அதில் எந்த விளக்கமும் தேவையில்லை.